யாழ்ப்பாண மேடையிலிருந்து திரைக்கு: நடிக்க வரும் பெண்களுக்குச் சில வழிகள்

வாரத்துக்கு ஒருவராவது வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள்: "அக்கா, எனக்கு நடிக்க நல்ல விருப்பம். எங்க தொடங்குறது?" கேட்பவர்களில் பலர் பாடசாலை நாடகத்தில் ஒரு தரம் கைதட்டல் வாங்கியவர்கள். சிலர் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள். ஒருவர் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை பார்க்கிறார், வயது முப்பத்திரண்டு, இரண்டு பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் ஒரேயடியாக எழுதிவைக்கிறேன்.

நான் நட்சத்திரம் இல்லை. இருபது வருடமாக மேடையில் நிற்கிறேன். கொஞ்சம் குறும்படங்கள், இரண்டு முழுநீளப் படங்களில் சின்னப் பாத்திரங்கள், கொழும்பில் விளம்பரங்களுக்குக் குரல். சந்தையில் மீன் வாங்கும்போது "உங்களை எங்கயோ கண்ட மாதிரிக் கிடக்கு" என்று சொல்லுகிற அளவுக்குத்தான் பிரபலம். அந்த அளவுக்குள் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு நினைப்பைக் கழற்றி வைக்கவேண்டும். நடிகையாக வேண்டுமென்றால் நேரே சென்னைக்குப் போகவேண்டும் என்பதுதான் அது. போனவர்கள் இருக்கிறார்கள், இன்று நேற்றல்ல. 1941இல் வந்த 'வனமோகினி'யில் நடித்த கே. தவமணி தேவி யாழ்ப்பாணத்துக்காரர்தான். அண்மையில் ஜனனி குணசீலன் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியால் பெயரெடுத்து, 'லியோ'வில் நடிக்கும் வரைக்கும் போனார். சந்தோஷம். ஆனால் அந்த வாசல் லொத்தர்ச் சீட்டு மாதிரி. விழுந்தால் விழுந்தது. நான் எழுதுவது மெதுவான பாதையைப் பற்றி: மேடை, குறும்படம், கொழும்பு, பிறகு வெளியே.

இந்த மெதுவான பாதையில் ஒரு விசேஷம் உண்டு. எங்கள் கதைகளைப் பெரிய திரைக்குக் கொண்டுபோனவர்களில் பலர் தமிழரே அல்ல. 1977இல் 'பொன்மணி'யை யாழ்ப்பாணத்தில் எடுத்த தர்மசேன பத்திராஜா சிங்களவர். 2012இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் ஒரு பிரிவில் காட்டப்பட்ட 'இனி அவன்' அசோக ஹந்தகமவுடையது. 2015இல் அதே கானில் முதல் விருதான தங்கப் பனை வாங்கிய 'தீபன்' ஒரு பிரெஞ்சுக்காரர் எடுத்தது. நாயகன் அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி, நாயகி காளீஸ்வரி சீனிவாசன் சென்னையிலிருந்து வந்த மேடை நடிகை. (பனை விருது என்றால் யாழ்ப்பாணத்துக்குத்தானே வரவேண்டும் என்று அப்போது எங்களுக்குள் ஒரு பகிடி ஓடியது.) இப்படி வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே முகவர் நிறுவனம் எதுவும் தெரியாது. வந்து விசாரிக்கிற இடம் நாடகக் குழுதான். ஆகவே நீங்கள் இருக்கவேண்டிய இடமும் அதுதான்.

முதல் வேலை: ஒரு குழுவுக்குள் போவது

திருமறைக் கலாமன்றம் 1965இல் அருட்தந்தை மரிய சேவியர் தொடங்கியது. தவக்காலத்தில் அவர்கள் போடுகிற திருப்பாடுகளின் நாடகத்துக்கு எப்போதும் நிறைய ஆட்கள் வேண்டும், கூட்டத்தில் ஒருத்தியாக நிற்பதற்காவது. 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் ஆரம்பித்த நாடக அரங்கக் கல்லூரியின் கையில் வளர்ந்தவர்கள்தான் இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் நாடகம் சொல்லிக்கொடுக்கிறவர்களில் பலர். தேவானந்தின் செயல் திறன் அரங்க இயக்கம் பாடசாலைகளுக்கும் கிராமங்களுக்கும் நாடகம் கொண்டுபோகிறது. இவற்றில் எதுவும் உங்கள் ஊருக்குக் கிட்ட இல்லையென்றால் பிரதேச செயலகத்துக்குப் போய்க் கலாசார உத்தியோகத்தரைக் கேளுங்கள். உங்கள் பகுதியில் எந்தக் குழு உயிரோடு இருக்கிறது, எது பெயர்ப்பலகையாக மட்டும் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். என்ன காரணமோ, எங்கள் பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை.

இன்னும் பாடசாலையில் இருந்தால் உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுக்கலாம். தமிழ்மொழித்தினப் போட்டிகளில் நாடகப் பிரிவை விடாதீர்கள். வலயம், மாகாணம், அகில இலங்கை என்று ஏறும்போது வேறு மாவட்டத்துப் பிள்ளைகள் எப்படி நடிக்கிறார்கள் என்று பார்க்கக் கிடைக்கும். அதற்குப் பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், அல்லது மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம். பட்டம் எடுத்தால் நாடக ஆசிரியையாகும் வழியும் இருக்கிறது. அந்தச் சம்பளம் எத்தனை நடிகைகளைக் காப்பாற்றியிருக்கிறது என்று பின்னால் சொல்கிறேன்.

போனவுடன் "எனக்கு என்ன பாத்திரம்?" என்று கேட்காதீர்கள். ஒத்திகைக்குப் போய்ச் சும்மா இருங்கள். இரண்டு மூன்று தரம் போனால் யாராவது ஒரு வேலை தருவார்கள். எனக்குக் கிடைத்தது திரை இழுக்கிற வேலை. ஒரு வருடம் அதைத்தான் செய்தேன். நெறியாளர் எனக்குக் கை காட்டமாட்டார். "கடைசிச் சொல்லுக்குப் பிறகு ஒரு மூச்சு விட்டு இழு" என்றார். ஒவ்வொரு நாளும் அந்த மூச்சின் நீளம் மாறும். ஒருநாள் நடிகை நன்றாகச் செய்தால் இரண்டு மூச்சுக்கூட விடலாம், சனம் அசையாமல் இருக்கும். இன்னொரு நாள் அரை மூச்சுக்குள் இழுக்காவிட்டால் இருமத் தொடங்கிவிடுவார்கள். ஒரு காட்சி எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரிய வந்தது அந்தக் கயிற்றில்தான்.

கூத்தையும் தொட்டுப் பாருங்கள்

நவீன நாடகம் மட்டும் போதும் என்று நினைக்கிற பிள்ளைகள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. காத்தவராயன் கூத்தில் சிந்து நடையில் நடந்துகொண்டே பாடவேண்டும், பாடிக்கொண்டே ஆளை ஆள் பார்க்கவேண்டும். பாஷையூரிலும் குருநகரிலும் கத்தோலிக்கக் கூத்துகளைப் பழக்குகிற அண்ணாவிமார் குரலை அடிவயிற்றிலிருந்து எடுக்கச் சொல்லித் திரும்பத் திரும்பப் பாடவைப்பார்கள். அந்த மூச்சு கையில் இருந்தால், பிறகு ஒரு படப்பிடிப்பில் இரவு இரண்டு மணிக்குப் பதினாலாம் தரம் அழச் சொன்னாலும் குரல் கட்டாது.

பழைய காலத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். காங்கேசன்துறை வசந்தகான சபா என்ற இசை நாடகக் குழுவின் அரிச்சந்திர மயான காண்டத்தில் வி. வி. வைரமுத்துவுக்கு எதிரே சந்திரமதியாக நின்று சனத்தை அழவைத்ததும் ஆண்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அதனால் ஒரு விஷயம் நடந்திருக்கிறது: கூத்திலும் இசை நாடகத்திலும் பெண் எப்படி நடக்கவேண்டும், எப்படி ஒப்பாரி வைக்கவேண்டும் என்பதை ஆண்கள் முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் அதைப் படியுங்கள், அப்படியே போடாதீர்கள். 1985இல் 'மண் சுமந்த மேனியர்' நாடகம் ஊர் ஊராகப் போனபோது மேடையில் பெண்களே நின்றார்கள். அதைப் பார்த்த அம்மாமார் இன்னும் கதைப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

வீட்டைச் சமாளிப்பது

இதை எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் சொல்லித் தருவதில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் நடிக்க வருகிற பெண்களில் பாதிப்பேர் நின்றுபோவது இங்கேதான். நாலு பேர் என்ன சொல்லுவினம், கலியாணம் பேசும்போது கேட்பினம், இரவு எத்தனை மணிக்கு வருவாய். மூன்றாவது கேள்விக்கு மட்டும்தான் உங்களிடம் பதில் இருக்கமுடியும். அதனால் அதற்குச் சரியாகப் பதில் சொல்லுங்கள். ஒத்திகை நாட்களை எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, யார் கொண்டுவந்து விடுவார், அவருடைய தொலைபேசி இலக்கம் என்ன, எல்லாம் அதில் இருக்கட்டும். பொய் சொல்லிப் போகாதீர்கள். ஒரு பொய் பிடிபட்டால் இரண்டு வருடம் போய்விடும்.

அம்மாவை ஒத்திகைக்குக் கூட்டிக்கொண்டு போவது இன்னும் நல்லது. என் அம்மா முதல் நாள் குடையை மடியில் வைத்துக்கொண்டு பின் வாங்கில் இருந்தார், முகம் இறுகிப்போய். நான் கிணற்றடியில் தண்ணி அள்ளுகிற காட்சி. முடிந்து வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை இல்லை. வீட்டுப் படலையைத் திறக்கும்போது சொன்னார்: "கயிறு அப்பிடி வராது. நிறைஞ்ச வாளியெண்டால் முதல் இழுவையில தோள் கீழ போகும்." அடுத்த ஒத்திகைக்குத் தானாகவே வெளிக்கிட்டு நின்றார்.

மேடை நடிப்பைக் கமராவுக்கு இறக்குவது

எனது முதல் குறும்படத்தில் முதல் ஷொட். நான் ஒரு வசனம் சொன்னேன். இயக்குநர் தம்பிக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மரியாதையாகச் சொன்னான்: "அக்கா, நீங்கள் வீரசிங்கம் மண்டபத்தின்ர கடைசி வாங்குக்குக் கதைக்கிறீங்கள். நான் இங்க மூண்டடியில நிக்கிறன்." குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோசம் வந்தது. பிறகு திரையில் பார்த்தேன். சொன்னது சரி.

மேடை நடிகைக்குக் கமராவில் வருகிற பிழை "கூடுதலாக நடிப்பது" என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் திருத்தமுடியாது. எங்கே கூடுகிறது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். குரல், புருவம், கை, தலையாட்டல், இந்த நாலும்தான். இப்படிப் பயிற்சி செய்யுங்கள். வீட்டில் தொலைபேசியைக் கண் மட்டத்தில் நிறுத்துங்கள். ஒரு தங்கச்சியைக் கமராவுக்குப் பக்கத்தில் இருத்திக் கேட்கச் சொல்லுங்கள்: "சாப்பிட்டியா?" நீங்கள் சாப்பிடவில்லை, ஆனால் "சாப்பிட்டிட்டன்" என்று சொல்லவேண்டும். முதலில் மேடைக்குச் சொல்வதுபோலச் சொல்லுங்கள். இரண்டாம் தரம் அதே சொல்லைப் பக்கத்துக் கட்டிலில் குழந்தை நித்திரை கொள்வதுபோல. மூன்றாம் தரம் புருவத்தை அசைக்காமல். நாலாம் தரம் கையை மடியை விட்டு எடுக்காமல். பிறகு நாலையும் போட்டுப் பாருங்கள். பொய் எந்தத் துண்டில் தெரிகிறதோ அதுதான் உங்கள் அளவு. மேடையில் பொய்யை நாங்கள் காட்டுவோம். கமராவில் ஒளிக்கப் பார்க்கவேண்டும், அப்போதுதான் அது எட்டிப்பார்க்கும்.

கண் இமைப்பையும் கவனியுங்கள். கிட்டத்தில் எடுக்கும்போது பதற்றத்தில் படபடவென்று இமைத்தால் முழுக் காட்சியும் போய்விடும். நிலத்தில் டேப் ஒட்டி "இதில வந்து நில்லுங்கோ" என்பார்கள். குனிந்து பார்க்காமல் அதில் போய் நிற்கப் பழகவேண்டும். வீட்டு முற்றத்தில் ஒரு சிரட்டையை வைத்து நடந்து பழகினால் ஒரு கிழமையில் வந்துவிடும்.

அப்புறம் தொடர்ச்சி, அதாவது ஒரு ஷொட்டில் செய்ததை அடுத்ததிலும் அப்படியே செய்வது. இதற்கு நான் ஒரு பல்லையே கொடுத்திருக்கிறேன். ஒரு படத்தில் காணி விஷயம் கதைக்கிற காட்சி. கையில் பிளேன்ரீ, மற்றக் கையில் பனங்கட்டி. முதல் டேக்கில் இயல்பாக இருக்கட்டுமே என்று "காணி" என்ற சொல் வந்தவுடன் பனங்கட்டியைக் கடித்து ஒரு மிடறு குடித்தேன். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. தொடர்ச்சி பார்க்கிற பிள்ளை கொப்பியில் எழுதிக்கொண்டாள். பிறகு கிட்டத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று, எதிரே இருந்தவரின் தோளுக்கு மேலால் ஒன்று. மோட்டார் சைக்கிள் சத்தத்தால் இரண்டு, வசனம் பிழைத்து மூன்று. ஒன்பது டேக், ஒன்பது பனங்கட்டி, ஒவ்வொரு தரமும் "காணி"யில் கடி. மாலையில் கடைவாய்ப் பல் தெறிக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு நான் புதியவர்களுக்குச் சொல்வது: முதல் டேக்கில் கையால் எதைச் செய்கிறீர்களோ அதை நாள் முழுக்கச் செய்ய வேண்டிவரும், யோசித்துச் செய்யுங்கள்.

கதை வரிசையில் படம் எடுக்கமாட்டார்கள். கடைசியில் வருகிற செத்த வீட்டை முதல் நாளே எடுப்பார்கள், வீடு அன்றைக்குத்தான் கிடைத்திருக்கும். மேடையில் முதல் காட்சியிலிருந்து ஏறி ஏறி வந்து அழுது பழகிய எங்களுக்கு இது பெரிய இடி. ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இந்தக் காட்சிக்கு முன் நான் எங்கேயிருந்து வருகிறேன், எனக்கு இப்போது என்ன தெரியும், என்ன தெரியாது, களைப்பு எவ்வளவு, தலைமயிர் எப்படி. இரண்டு மூன்று வரி போதும். படப்பிடிப்பில் உங்களுக்கு வேறு யாரும் இதை ஞாபகப்படுத்தமாட்டார்கள்.

குறும்படங்களைத் தெரிந்தெடுப்பது

யாழ்ப்பாணத்தில் கமரா வைத்திருக்கிற பொடியனுக்குப் பஞ்சமில்லை. மதிசுதா தொலைபேசியிலேயே ஒரு முழுநீளப் படத்தை எடுத்து முடித்திருக்கிறார். ஆகவே கருவி சரியில்லை என்று யாரையும் தட்டிவிடாதீர்கள். நான் கேட்கிற முதல் கேள்வி: ஒலி யார் செய்கிறார்? "அதைப் பிறகு டப்பிங்கில பாப்பம்" என்றால் யோசியுங்கள். படம் மங்கலாக இருந்தால் பார்க்கிறவர் பொறுத்துக்கொள்வார், குரல் கேட்காவிட்டால் மூடிவிட்டுப் போய்விடுவார். இரண்டாவது, முழுப் பிரதியையும் வாசிக்கத் தரவேண்டும். "உங்கட பகுதியை மட்டும் அனுப்பிறம்" என்றால் வேண்டாம். மூன்றாவது, உங்கள் பாத்திரம் அழுவதைத் தவிர வேறு ஏதாவது செய்கிறதா என்று பாருங்கள். எங்கள் குறும்படங்களில் பெண்கள் அழுத அழுகைக்கு ஒரு குளம் வெட்டியிருக்கலாம்.

2015இலிருந்து யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. மேடைக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கப் போகாதீர்கள், படம் பார்க்கப் போங்கள். படம் முடிந்து இயக்குநரோடு கலந்துரையாடல் இருந்தால் இருந்து ஒரு கேள்வி கேளுங்கள். நல்ல கேள்வி கேட்ட முகத்தை ஆட்கள் மறப்பதில்லை.

வீட்டிலிருந்து அனுப்பும் நடிப்புத் துண்டு

இப்போது ஒடிஷன் என்றால் பாதி தொலைபேசியில்தான். கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ இரண்டு பக்க வசனம் வரும், நாளைக்குள் எடுத்து அனுப்பச் சொல்வார்கள். ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள், ஜன்னலுக்கு முதுகு காட்டாதீர்கள். பின்னால் வெறும் சுவர். சாமிப்படமும் கலண்டரும் வேண்டாம். தொலைபேசியைக் கிடையாக வைத்து நெஞ்சுக்கு மேல் எடுங்கள். காற்றாடியை நிறுத்துங்கள், வியர்த்தால் வியர்க்கட்டும். திருவிழாக் காலமென்றால் கோயில் ஒலிபெருக்கி தொடங்கமுன் விடிய ஐந்தரைக்கே எழும்பி முடித்துவிடுவது நல்லது. சேவலை ஒன்றும் செய்யமுடியாது.

எதிர் வசனத்தை வாசிக்கிறவர் மெதுவாக, நடிக்காமல் வாசிக்கவேண்டும். என் தம்பி ஒருமுறை வில்லன் வசனத்தை உருட்டி உருட்டி வாசித்து, பார்த்தவர்கள் அவனைத்தான் யாரென்று கேட்டார்கள். தொடக்கத்தில் பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழிகள் மட்டும் சொல்லுங்கள். முகத்தை ஃபில்டர் போட்டு வெள்ளையாக்காதீர்கள், நேரில் போகும் நாளில் அவமானம் உங்களுக்குத்தான். அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டொகியுமென்டாக இணைத்து அனுப்புங்கள். கோப்புக்கு உங்கள் பெயரையும் பாத்திரத்தின் பெயரையும் வையுங்கள்.

மொழி

இது எங்கள் கையிலிருக்கிற பெரிய சொத்து, நாங்களே அதை மறைக்கப் பார்க்கிறோம். வெளியிலிருந்து எடுக்கிற ஈழத்துக் கதைகளைப் பார்த்து எங்கள் சனம் முதலில் சொல்வது என்ன? "தமிழ் சரியில்லை." 2020இல் 'ஃபனி போய்' படம் வந்தபோது தமிழ் உச்சரிப்பைப் பற்றியும் தமிழரல்லாதவர்களை நடிக்கவைத்ததைப் பற்றியும் எவ்வளவு பிரச்சினை எழுந்தது! அந்த இடைவெளியில்தான் உங்கள் வேலை இருக்கிறது. நடிக்கக் கிடைக்காவிட்டாலும் வசனம் திருத்த, மற்ற நடிகர்களுக்குப் பேச்சுப் பழக்க ஆள் தேடுவார்கள். நான் ஒரு படத்துக்குள் போனது அப்படித்தான். பேச்சுப் பழக்கப் போய், மூன்றாம் நாள் ஒரு மாமி பாத்திரத்துக்கு ஆள் வராமல் என்னை நிறுத்தினார்கள்.

ஆனால் யாழ்ப்பாணத் தமிழ் வேறு, மட்டக்களப்புத் தமிழ் வேறு, மலையகத் தமிழ் வேறு. "என்ன மனே" என்று கூப்பிடுகிற மட்டக்களப்பு அம்மாவை நல்லூர்க்காரிபோல நடித்தால் அங்கே சிரிப்பார்கள். வசனத்தில் எல்லா வரியும் "அல்லோ"வில் முடிந்தால் எழுதியவருக்கு ஊர் தெரியாது என்று அர்த்தம், பணிவாகச் சொல்லித் திருத்தலாம். தமிழ்நாட்டுப் பேச்சையும் காதுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். சென்னையில் நான் ஒருவரிடம் "உங்களோட கொஞ்சம் கதைக்கவேணும்" என்றேன். ஏதோ கதை சொல்லப் போகிறேன் என்று நினைத்து, "ஒன்லைன் (கதைச் சுருக்கம்) மட்டும் சொல்லுங்க மேடம்" என்றார்.

சிங்களம் கட்டாயம். நன்றாகப் பேசவராவிட்டாலும் படப்பிடிப்பில் சொல்வது விளங்கவேண்டும். இந்த நாட்டில் திரைத்தொழிலின் பெரும்பகுதி அந்த மொழியில்தான் நடக்கிறது.

கொழும்பு, பிறகு சென்னை

கொழும்புக்கு இரவு பஸ் ஏறினால் விடிய இறங்கலாம். முதலில் குரல் வேலை தேடுங்கள். சிங்களத்தில் எடுத்த விளம்பரங்களுக்குத் தமிழ்க் குரல் வேண்டும், வானொலிக்கு வேண்டும், தொலைக்காட்சிக்கு வேண்டும். முகம் தெரியாது, ஆனால் காசு வரும். கலையகத்தில் ஒலிவாங்கிக்கு முன் நின்று உதட்டசைவுக்குப் பேசப் பழகினால் பிறகு உங்கள் படத்துக்கு நீங்களே டப்பிங் பேசலாம். இல்லாவிட்டால் வேறு யாரோ உங்கள் வாயில் பேசுவார்கள்.

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. அதனால் பக்கம் என்று தோன்றும். சுற்றுலா விசாவில் போய்ப் படத்தில் நடித்துச் சம்பளம் வாங்கமுடியாது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். உண்மையான நிறுவனமென்றால் அதற்குரிய விசாவை அவர்களே ஒழுங்குசெய்வார்கள். "முதல்ல வாங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றால் போகவேண்டாம். சும்மா பார்க்கப் போவதென்றால் கோடம்பாக்கத்தில் அலைவதைவிட நாடகம் பாருங்கள். 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்துதான் பசுபதி, கலைராணி எல்லாம் திரைக்கு வந்தார்கள். கலைராணி திரையில் ஒரு நிமிடம் வந்தாலும் உடம்பு முழுக்க நடிக்கும். எங்கிருந்து அது வருகிறது என்று மேடை தெரிந்தவர்களுக்கு விளங்கும்.

காசும் பாதுகாப்பும்

வாய்ப்புத் தருகிறேன் என்று காசு கேட்பவர் வாய்ப்பு வைத்திருப்பவர் அல்ல. பதிவுக் கட்டணம், அட்டைக் கட்டணம், படப் பெட்டகம் (போர்ட்ஃபோலியோ) தயாரிக்கும் கட்டணம், எந்தப் பெயரில் கேட்டாலும் ஒன்றுதான். எனக்கு இருபத்தாறு வயதில் ஒருவர் இப்படி ஒரு தொகை வாங்கிக்கொண்டு போனார். அம்மாவின் சீட்டுக் காசு. இன்றைக்கும் அவர் பெயரை வீட்டில் எடுக்கமாட்டோம்.

ஒப்பந்தம் ஒரு பக்கத் தாளாக இருந்தாலும் சரி, வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி, எழுத்தில் இருக்கட்டும். எத்தனை நாள், ஒரு நாளுக்கு எவ்வளவு, எப்போது தருவார்கள், போக்குவரத்து யாருடையது, தங்குமிடத்தில் யாரோடு அறை, டப்பிங்குக்குத் தனிக் காசா. உடை மாற்ற மூடிய இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். வெட்கப்படவேண்டிய கேள்வி இல்லை. கதை சொல்ல ஹோட்டல் அறைக்கு வரச் சொன்னால் வரவேற்பறையில் இருந்து கதைக்கலாம் என்று சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று படப்பிடிப்புக்கு அக்காவையோ சிநேகிதியையோ கூட்டிக்கொண்டு போங்கள். ஆள் கூட வரக்கூடாது என்று சொல்கிற இடத்துக்குப் போகத் தேவையில்லை. ஏதாவது நடந்தால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பொலிசுக்கு 119.

வருமானத்துக்கு வேறு ஒரு தொழில் வைத்திருங்கள். நாடக ஆசிரியை வேலையைப் பற்றி மேலே சொன்னது இதற்காகத்தான். மாதச் சம்பளம் வருகிறவளால்தான் பிடிக்காத பாத்திரத்துக்கு "வேண்டாம்" என்று சொல்லமுடிகிறது. எனக்குத் தெரிந்த நல்ல நடிகைகளில் மூன்று பேர் காலையில் பள்ளிக்கூடத்தில் நிற்கிறார்கள், படப்பிடிப்புகளைத் தவணை விடுமுறைக்குப் போடவைக்கிறார்கள். தயாரிப்பாளர்கள் முணுமுணுப்பார்கள், ஆனால் போடுவார்கள்.

நடித்ததைச் சேர்த்து வைப்பது

இரண்டு மூன்று படம் நடித்த பிறகு ஒன்றரை நிமிடத்தில் ஒரு தொகுப்பு செய்யுங்கள். முதல் பத்து விநாடிக்குள் உங்கள் முகமும் குரலும் வந்துவிடவேண்டும். பின்னணி இசை போட்டு வசனத்தை மூடாதீர்கள். ஒரு துண்டு மேடையிலிருந்தும் இருக்கட்டும், முழு உடம்பும் தெரிகிற மாதிரி.

அந்தத் துண்டுகளைப் படப்பிடிப்பு முடிந்த கிழமையே கேட்டு வாங்குங்கள், பிறகு வாங்கலாம் என்று விடாதீர்கள். நான் கதாநாயகியாக நடித்த முதல் படம் ஒரு வன்தட்டில் இருந்தது. இயக்குநர் தம்பி கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போகும்போது அதையும் கொண்டுபோனான். போன வருடம் கேட்டேன். "இருக்குது அக்கா, நிலக்கீழ் அறையில ஒரு பெட்டியில இருக்குது, ஸ்னோ முடியட்டும் எடுத்துத் தாறன்" என்றான். நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.